ஆய்வகமா, அலுவலகமா, பிழைப் பதிவேடா?

மென்பொருளின் நிரலுக்கு முன்பே, அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையை எழுதினால் பிழை குறையுமா? காட்பாடியில் நான் பாடம் நடத்தும் முதுநிலை வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது இதை ஆய்வுக்கு எடுக்கிறார்கள். எடுத்த கையோடு, "சார், எந்த முறை சீக்கிரம் முடியும்?" என்பார்கள்.

சீக்கிரம் முடிவது ஆய்வகப் பரிசோதனைதான். சீட்டுக் குலுக்கி மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை மட்டும் சோதனையை முதலில் எழுதச் சொல்லி, ஒரே நிரல் கணக்கைக் கொடுத்து ஒப்பிடலாம். காரணம் எது, விளைவு எது என்று சொல்ல இதைவிட நேரான வழி இல்லை. நானும் ஒருமுறை செய்தேன். காலைப் பிரிவு மதியச் சாப்பாட்டிலேயே கணக்கை மாலைப் பிரிவுக்குச் சொல்லிவிட்டது; நேர அளவீடு அத்தனையும் குப்பைக்குப் போனது. இன்னொரு சங்கடமும் உண்டு. மருந்துச் சோதனையில் வெறும் மாத்திரையை அதே நிறத்தில் கொடுத்துவிடலாம். சோதனையை முதலில் எழுதுகிறவனிடம், அவன் எந்தப் பிரிவில் இருக்கிறான் என்பதை எப்படி மறைப்பது?

இதே கேள்விக்கு 2005இல் எர்டோக்மஸ் என்ற ஆய்வாளரின் குழு மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனையில் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2008இல் நாகப்பன் குழு மைக்ரோசாஃப்டின் மூன்று அணிகளையும் ஐபிஎம்மின் ஓர் அணியையும் ஆராய்ந்தபோது பிழை அடர்த்தி, அதாவது நிரலின் அளவுக்கு எத்தனை பிழை என்பது, 40 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தது. தொடக்க வேலைக்கு 15 முதல் 35 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. ஆனால் அங்கே சீட்டுக் குலுக்கல் இல்லை, அந்த நேரக் கணக்கும் மேலாளர்களின் மதிப்பீடு. சில மணி நேர மாணவர் வேலையும் மாதக்கணக்கில் நடக்கும் அலுவலக வேலையும் ஒரே விடை தராததில் எனக்கு வியப்பில்லை.

மென்பொருளில் வரும் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் தோண்டுவது மாணவர்களுக்குப் பிடித்த வழி, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமே! ஆனால் ஹெர்சிக் குழு 2013இல் ஜாவா மொழியில் எழுதிய ஐந்து திறமூலத் திட்டங்களின் (நிரலை யாரும் பார்க்கலாம்) ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கையால் சரிபார்த்தபோது, 'பிழை' என்று பதிவானவற்றில் 33.8 சதவீதம் பிழையே அல்ல.

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்றில் அதைக் கண்ணால் பார்த்தேன். பதிவேட்டில் 'இருப்பு தவறு, சரிசெய்யப்பட்டது' என்றிருந்தது. விசாரித்தால், பச்சைத் தோலை எண்ணிக்கையிலும் பதனிட்ட தோலைச் சதுர அடியிலும் குறிக்க வேண்டிய குமாஸ்தா, இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டிருக்கிறார். நிரலில் கோளாறே இல்லை; கட்டத்தின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஒரே பருவம்தான் கையில் இருக்கிறது என்றால் நான் அலுவலகத்துக்கே அனுப்புவேன், மெதுவான வழியானாலும். இந்த ஆண்டு ஒரு மாணவி தினமும் ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறுகிறாள். முதல் வாரக் குறிப்பேட்டில் பதினோரு வரிகள். அவற்றில் மூன்று, குமாஸ்தாவின் வசவு.