கேஸ் கட்டைப் பிரிக்காமலே “ஜெயிச்சுத் தர்றேன்” என்ற வக்கீல்

அக்காவின் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரியில் நடந்த தவறுக்கு நியாயம் கேட்கப் போன இடத்தில் நாங்கள் ஏமாந்த கதையைத்தான் எழுதுகிறேன். இந்த நேரத்தில் எங்கோ ஒரு வராந்தாவில் கையில் ரிப்போர்ட்டுகளோடு, யாரிடம் போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கண்ணில் இது பட்டால் போதும்.

முதலில் ஆபரேஷனைச் சொல்லிவிடுகிறேன். கல் இருந்த பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, எடுத்து, மறுநாள் மதியமே வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வயிறு உப்பியது. வாந்தி, காய்ச்சல். போன் செய்தால் “ஆபரேஷனுக்காக உள்ள காத்து அடைச்சிருப்பாங்க, அது போக நாலஞ்சு நாளாகும்” என்றார்கள். நான்கு முறை போன் செய்தோம். நான்கு முறையும் அதே பதில்தான், கூட்டி வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அக்காவின் கண் மஞ்சளாகிவிட்டது. வேறு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால் வயிற்றுக்குள் பித்தநீர் தேங்கி நிற்கிறது. பித்தப்பையின் சிறு குழாயை வெட்ட வேண்டிய இடத்தில், கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பிரதானப் பித்தக்குழாய் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு மாதம் விலாவில் டியூபோடு இருந்தார். பிறகு குடலை இழுத்துக் கல்லீரலின் குழாயோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன்.

அந்த இரண்டாவது ஆஸ்பத்திரியின் வராந்தாவில்தான் அந்த ஆள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் சொந்தக்காரருக்கும் இப்படித்தான் ஆனது என்றார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அரை மணி நேரம் கேட்டுவிட்டு, “தம்பி, இதை சும்மா விடக்கூடாது. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார், ஆஸ்பத்திரி கேஸ்னாலே அவர்தான்” என்று ஒரு கார்டை நீட்டினார். அத்தனை நாளில் எங்கள் கதையை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவர். அதனாலேயே நம்பினேன். அவருக்கு இதில் கமிஷன் உண்டு என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

வக்கீலிடம் போனோம். நான் கொண்டுபோன ஃபைலை மேசையில் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு தாளைக்கூட அவர் புரட்டவில்லை. “நூத்துக்கு நூறு நம்ம பக்கம் சார், இதுல தோக்கவே முடியாது” என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார். முன்பணம் வாங்கினார், கிடைக்கும் தொகையில் பங்கும் கேட்டார். கிடைப்பதில் பங்கு கேட்பது அமெரிக்காவில் சாதாரணம், ஆனால் அங்கே பொதுவாகத் தோற்றால் கட்டணம் கிடையாது. இந்தியாவில் அப்படிப் பங்கு பேசுவதே, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதிகளுக்கு விரோதம். இவரோ இரண்டு பக்கமும் வாங்கப் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். எங்களுக்காக வழக்கு நடத்த அதிகாரம் தரும் வக்காலத்தோடு சேர்த்து மூன்று வெற்றுத் தாளிலும் அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரிஜினல் ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

அடுத்து, “முதல்ல போலீஸ்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் கொடுங்க, டாக்டர் தானா இறங்கி வருவார்” என்றார். இந்த யோசனையைப் பலர் சொல்வார்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஜேக்கப் மேத்யூ வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2005ல் தெளிவாகச் சொன்னது இது: டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு நிற்க வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும், புகாருக்குத் துணையாக இன்னொரு தகுதியான மருத்துவரின் கருத்தும் வேண்டும். எங்கள் கையில் எந்த மருத்துவரின் கருத்தும் இல்லை. புகார் கொடுத்தோம், அலைந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஏழு மாதம் போனதுதான் மிச்சம்.

பிறகு வக்கீல் நோட்டீஸ் போனது. அதன் நகலை நான் கேட்டு வாங்கவில்லை. ஆஸ்பத்திரித் தரப்பு அனுப்பிய பதிலைப் படித்தபோதுதான் தெரிந்தது, நோட்டீஸில் “சிறுநீரக அறுவை சிகிச்சை” என்று இருந்திருக்கிறது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். அக்கா அதை இரண்டு முறை படித்தார். “என் வயித்துல எதை எடுத்தாங்கன்னுகூட அவருக்குத் தெரியலையேடா” என்றார்.

அன்றே விலகியிருக்க வேண்டும். “டைப்பிங் மிஸ்டேக்” என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். கேஸ் போட்டாச்சு என்று ஒரு நம்பர் கொடுத்தார். மாதா மாதம் வாய்தா என்றார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் செலவு என்றார். நீங்கள் வரவேண்டியதில்லை என்றார். ஒரு வருடத்துக்கும் மேல் இப்படியே போயிற்று. கடைசியில் நானே கோர்ட் அலுவலகத்துக்குப் போய் அந்த நம்பரைக் கொடுத்துக் கேட்டேன். அது யாரோ அண்ணன் தம்பியின் பாகப்பிரிவினை வழக்கு. அக்காவின் பெயரில் எங்கேயும் எந்த வழக்கும் இல்லை.

வழக்கின் நிலையைப் பல நீதிமன்றங்களில் இணையத்திலேயே பார்க்கலாம். நம்பரை மட்டும் நம்பாமல், உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இதை முதல் மாதமே செய்திருந்தால் எங்களுக்குக் காலக்கெடு போயிருக்காது.

காலக்கெடு என்ற ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இந்தியாவில் சிகிச்சைத் தவறுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு. இங்கிலாந்தில் பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்தோ, அது தெரியவந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டு. எந்த ஊராக இருந்தாலும் ஒரு கடைசி நாள் உண்டு. முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எங்களுக்கு இரண்டு வருடம் முடிந்து மேலே பத்து வாரம் ஆகியிருந்தது.

ஃபைலைத் திருப்பிக் கேட்டால் “ஃபீஸ் பாக்கி இருக்கு” என்று கொடுக்க மறுத்தார். கட்டணப் பாக்கிக்காக வக்கீல் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் அப்படிப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு உண்டு. ஆகவே எந்த நாடானாலும் நகலை மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

இப்போது எங்கள் வழக்கை எடுத்திருக்கும் வக்கீலம்மா முதல் நாள் எங்களோடு பேசியதே கொஞ்சம்தான். ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துப் பதிவு, நர்ஸ்கள் எழுதிய தாள்கள், சம்மதப் படிவம் எங்கே என்று கேட்டார். எங்களிடம் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் ரிப்போர்ட்டும்தான் இருந்தன. பிறகு, எங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னார். “குழாய் வெட்டுப்பட்டதை மட்டும் வெச்சு ஜெயிச்சிடலாம்னு நான் சொல்ல மாட்டேங்க. இந்த ஆபரேஷன்ல அது நடக்கக்கூடிய ஆபத்துன்னு அவங்க சொல்வாங்க. நாலு தடவை போன் பண்ணியும் கூப்பிட்டுப் பார்க்கலையே, அதைக் கேட்கலாம்.”

அவர் விளக்கியபோதுதான் இந்த வழக்குகளின் கணக்கு எனக்குப் புரிந்தது. 1957ல் லண்டனில் போலம் என்பவர் போட்ட வழக்கில் வந்த அளவுகோலை இன்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அதே துறையில் உள்ள பொறுப்பான மருத்துவர்கள் சரியென்று ஏற்கும் முறையில் ஒரு டாக்டர் நடந்திருந்தால், விளைவு மோசமாக முடிந்ததற்காக மட்டும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்தது போன்ற வெளிப்படையான தவறு வேறு. மற்றபடி பெரும்பாலும் இன்னொரு மருத்துவரின் கருத்து இல்லாமல் நகர முடியாது. அதனால் வழக்கைத் தயாரிக்கும் முன்பே எங்கள் ஆவணங்களை இதே ஆபரேஷனைச் செய்யும் ஒரு சர்ஜனுக்கு அனுப்பினார். குழாயை வெட்டும் முன் பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு, ஒரு குழாயும் ஒரு ரத்தநாளமும்தான் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும், அது ஆபரேஷன் நோட்ஸில் இருக்கிறதா என்று அந்த சர்ஜன் கேட்டார். எங்கள் நோட்ஸ் மொத்தமே ஆறு வரி. அதில் அது இல்லை.

ஆவணங்களை ஆஸ்பத்திரியிடம் எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதத்தைக் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். இந்தியாவில் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. உள்நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. தள்ளிப்போட்டால் கேட்கும்போது ஒன்றும் இருக்காமல் போகலாம்.

தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு இப்போது வழக்கு நிஜமாகவே தாக்கலாகியிருக்கிறது. அதை ஏற்பார்களா என்று தெரியாது, எதிர்த்தரப்பு கடுமையாக எதிர்க்கிறது. பழைய வக்கீல் மேல் பார் கவுன்சிலில் புகாரும் கொடுத்திருக்கிறோம்.

போன மாதம் நர்ஸ்கள் எழுதிய தாள்கள் கைக்கு வந்தன. இரண்டு வருடமாக அந்தப் பழைய வக்கீல் கேட்டே வாங்காத தாள்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் “நலமாக உள்ளார்” என்று இருக்கிறது. அன்று காலை ஆறு மணிக்கு ஒரு நர்ஸ் எழுதியது: நாடித்துடிப்பு 118, வயிற்று வலி அதிகம், டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.