பித்தப்பைக் கல்லைக் கரைப்பதாகச் சொன்னவர்களிடம் நான் ஏமாந்த விதம்

2023 ஜனவரியில் ஒரு வளைகாப்பு விருந்துக்குப் போய் வந்த இரவு, வலப்பக்க விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி தோள்பட்டைவரை ஏறி, விடியும்வரை என்னைப் படுக்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை. மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த ஸ்கேனில், பித்தப்பையில் பல கற்கள் இருப்பதும் அவற்றுள் பெரியது 14 மி.மீ. என்பதும் தெரிந்தது. லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றிவிடுவதே நல்லது என்றார் அறுவை மருத்துவர். கத்திக்குப் பயந்த நான், அறுவை சிகிச்சையின்றி ஒரே மண்டலத்தில் கல் கரையும் என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்பி, பக்கத்து மாவட்டத்திலிருந்த ஒரு வைத்தியசாலைக்குப் போனேன்.

"பித்தப்பையை எடுத்துட்டா ஆயுசுக்கும் சோறு செரிக்காதும்மா. கல்லைப் பொடியாக்கிச் சிறுநீர்ல இறக்கிவிடறோம்" என்றார் அங்கிருந்தவர். பித்தம் கல்லீரலில் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் பை மட்டுமே, அது இல்லாவிட்டாலும் பித்தம் நேராகக் குடலுக்குப் போய்ச் சேரும். சிறுநீருக்கும் அதற்கும் வழியே கிடையாது. பள்ளிப் பாடத்திலேயே படித்த இந்த விஷயம் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதை இன்று எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மண்டலத்துக்கு 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, சீட்டு எதுவும் ஒட்டாத வெள்ளை டப்பாவில் ஒரு பொடியைக் கொடுத்தார்கள். தயாரிப்பு உரிம எண், தேதி, உட்பொருள் எதுவும் அதில் இல்லை. ரசீது கேட்டதற்குத் துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். நடுவில் இரண்டு முறை வலி வந்தபோது, கல் உடையும்போது அப்படித்தான் இருக்கும், அது நல்ல அறிகுறி என்று தொலைபேசியில் சமாதானம் சொன்னார்கள்.

இரண்டாம் மண்டலத்தின் முடிவில், இரவில் ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து குடிக்கச் சொன்னார்கள். காலையில் மலத்தோடு பச்சை நிறத்தில் உருண்டைகள் வெளியேறியதைப் பார்த்து, கல் போய்விட்டதென்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். அவற்றுள் ஒன்றைக் கழுவிக் காகிதத்தில் மடித்து ஜன்னலோரம் வைத்திருந்தேன். மத்தியான வெயிலில் அது உருகிக் காகிதத்தில் எண்ணெய்க் கறையாக ஊறியிருந்தது. குடித்த எண்ணெயே குடலில் சோப்புப் போல் உறைந்து அப்படி வெளியேறும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கறையைப் பார்த்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்ததாக, அவர்கள் காட்டிய இடத்தில்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். காலை உணவை முடித்துவிட்டே வரலாம் என்றும் சொன்னார்கள். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கிய பைக்குள் கற்கள் தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஆறேழு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்வது அதற்காகத்தான். கல் தென்படவில்லை என்று அறிக்கை வந்தது. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பதினோராம் நாள் கண்கள் மஞ்சளாகி, மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலியோடு என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு கல் பொதுப் பித்தநாளத்தின் முனையை அடைத்து, கணையத்தில் அழற்சியை உண்டாக்கியிருந்தது. எண்டோஸ்கோப்பி மூலம் அந்தக் கல்லை எடுத்து, கணையம் ஆறிய பிறகு பித்தப்பையை அகற்றினார்கள். ஜனவரியிலேயே செய்திருந்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பியிருப்பேன். இப்போது பதினேழு நாள் ஆயிற்று.

கல்லைக் கரைக்கும் மாத்திரையே இல்லையா என்று அங்கே கேட்டேன். உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு படியாத சிறிய கொழுப்புக் கற்களுக்கு மட்டுமே, அதுவும் பித்தப்பை நன்றாக இயங்கினால்தான் பயன் தரும். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை விடாமல் சாப்பிட வேண்டும், கரைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஐந்தாண்டுக்குள் கல் திரும்பவும் வருகிறது என்றார் மருத்துவர். வலியே தராமல் கிடக்கும் கல்லுக்குப் பெரும்பாலும் அறுவையும் தேவையில்லை, மருந்தும் தேவையில்லை என்றார். என்னுடையவை பெரியவை, சுண்ணாம்பு ஏறியவை, ஏற்கெனவே வலி கொடுத்தவை. இதை அந்த வைத்தியசாலையில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

பித்தப்பைக் கல்லைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர வைத்தியங்கள் சட்டப்படி குற்றம். அதன் அட்டவணையில் இந்த நோயின் பெயர் நேரடியாகவே இருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, நான் பத்தியம் காக்கவில்லை என்றார்கள். சென்ற வாரம் அவர்களுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், 'கல் கரைந்தது' என்ற தலைப்போடு, பெயரை மட்டும் மறைத்த ஒரு ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தேன். வயதும் தேதியும் என்னுடையவை.