லேபிள் இல்லாத பாட்டிலில் ‘இயற்கை மருந்து’ வாங்கி ஏமாந்த கதை: வேலூர்ப் பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 14 இலவம்பாடி முள்ளுக் கத்தரிச் செடிகள் வைத்திருந்தேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த ரகத்தின் நாற்றுகளை அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பிஞ்சு பிடிக்கத் தொடங்கிய வாரத்தில், தண்ணீருக்குக் குறைவில்லாதபோதும், நுனிக் குருத்துகள் ஒவ்வொன்றாகத் தலைசாய்ந்தன.

வாடிய குருத்து ஒன்றை ஒரு நாற்றுக் கடையில் காட்டினேன். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கிப் பார்க்காமல், பழைய குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த அரை லிட்டர் மஞ்சள் கரைசலை எடுத்து நீட்டி, “சுத்தமான வேப்பெண்ணெய் சார், மூணே நாள்ல புழு மொத்தமா பூடும்” என்று சொல்லி 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார். வீட்டில் மூடியைத் திறந்தபோது வேம்பின் நெடி சிறிதும் இல்லை. மூட்டைப்பூச்சி மருந்தைப் போன்ற காட்டமான வாடை மூக்கில் ஏறியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாதது என் தவறு.

இரண்டு முறை தெளித்தேன். நான்காம் நாள் இலை விளிம்புகள் கருகின, பூக்கள் கொட்டின, வாடாமல் இருந்த குருத்துகளும் வாடின. ஒரு குருத்தைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது, எச்சம் அடைத்த துளைக்குள் பழுப்புத் தலையும் வெளிறிய இளஞ்சிவப்பு உடலுமாக ஒரு புழு, எந்தச் சேதமும் இல்லாமல் நெளிந்துகொண்டிருந்தது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போன பிறகுதான் அது குருத்து மற்றும் காய்த்துளைப்பான் என்பதும், முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே தண்டுக்குள் புகுந்துவிடும் அந்தப் புழுவை மேலே தெளிக்கும் எதுவும் எளிதில் எட்டாது என்பதும் தெரிந்தன. வாடிய குருத்தைத் துளைக்குக் கீழே வெட்டி எரிப்பது, துளை விழுந்த காய்களைக் குப்பையில் கிடக்க விடாமல் அழிப்பது, ஆண் அந்துப்பூச்சிகளைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது ஆகியவையே இதற்குப் பயன் தருகின்றன. லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டிய கரைசல் வெளியே இலையைத் தின்னும் இளம் புழுக்களுக்குச் சரிப்படும். உள்ளே போய்விட்டதற்கு அன்று.

1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி, பதிவு எண்ணும் காலாவதி நாளும் நச்சுத்தன்மையின் தீவிரத்தைக் காட்டும் வண்ண முக்கோணமும் கொண்ட லேபிள் இல்லாமல் பூச்சிமருந்து விற்பது குற்றம். மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகளைக் காய்கறிச் செடிகளுக்குத் தெளிக்கவே தடை உண்டு. என் பாட்டிலில் இருந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாததால், மிஞ்சிய காய்கள் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

பாட்டிலோடு கடைக்குப் போனபோது கடைக்காரர் முதலில் வேலூர் வெயிலின் மேல் பழியைப் போட்டார். பூச்சிமருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுப்பேன் என்றதும், பாட்டிலை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கடை பாட்டிலே இல்ல சார்” என்றார்.