குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று: இரண்டு மைக்கோடு சில ஆண்டுகள்

சென்னையின் சிறு அரங்குகளிலும் காப்பிக் கடை மேடைகளிலும் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறேன். சில ஆண்டுகளாகக் கிட்டாரின் பிக்கப்பை, அதாவது கிட்டாரிலேயே பதித்து அதிர்வை நேராக ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவியை, பெரும்பாலும் தொடுவதில்லை. குரலுக்கு ஷூர் எஸ்.எம்.58, கிட்டாருக்குச் சிறிய கண்டன்சர் மைக்; மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும். மைக் செட்காரர்களில் பாதிப் பேர் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு; ஆனாலும் நான் மாறுவதாக இல்லை.

கம்பிகள் அமரும் எலும்புத் துண்டின் அடியில் பதித்த பீசோ பிக்கப்புக்குக் கம்பியின் அழுத்தம்தான் தெரியும். பலகை காற்றை அசைப்பது தெரியாது. அழுத்தி வாசித்தால் பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டியது போன்ற ஒலி முன்னால் வந்து நிற்கும். மைக்கில் நகம் உரசுவதும், பலகையின் கனமும், மெல்லத் தொட்டதற்கும் ஓங்கி அடித்ததற்கும் உள்ள வேறுபாடும் கேட்கின்றன. மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வைப்பதை மார்கழிக் கச்சேரிகளில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. கிட்டாருக்கு ஒன்று கேட்டால் மட்டும் ஆடம்பரமாகத் தோன்றிவிடுகிறது.

மைக்கைக் கிட்டாரின் துளைக்கு நேராக வைக்கக் கூடாது. பெரும்பாலான கிட்டார்களில் உள்ளிருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்கிறது. அங்கே வைத்தால் ஒலி உப்பும்; ஒலிபெருக்கியின் சத்தம் மைக்கில் திரும்ப நுழைந்து எழுப்பும் ஊளையும் அங்கேதான் தொடங்கும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி, 15 முதல் 20 செ.மீ. தள்ளி வைக்கிறேன். மிக்சரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவேன். தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, இழப்பு ஒன்றுமில்லை.

உண்மையான தலைவலி, கிட்டார் மைக்கில் குரல் கசிவது. வாயிலிருந்து குரல் மைக் 5 செ.மீ., கிட்டார் மைக் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 35 செ.மீ. போகும். ஆகவே அதே குரல் ஒரு மில்லி விநாடி தாமதமாக இரண்டாவது முறை வருகிறது. இரண்டும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என வரிசையாக ஒலி குறைந்து பள்ளம் விழும். தாமதமாக வருவது எவ்வளவு பலமோ அவ்வளவு ஆழம். பாடுபவருக்குச் சளி பிடித்திருக்கிறதோ என்று கேட்பவர் நினைப்பார். இதைச் சரிசெய்ய, குரலின் கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திருகுவது வீண் வேலை. கண்டன்சருக்குப் பதில் எஸ்.எம்.58 போன்ற, மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக் வைத்தால் கசியாது என்ற நம்பிக்கையும் அப்படித்தான்: இரண்டிலும் கிட்டார் ஒலியை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்டால் பெரிய வேறுபாடு இல்லை. தூரமும் கோணமும்தான் தீர்மானிக்கின்றன. கிட்டார் மைக்கைச் சற்று மேலே உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்தால் வாய் அதன் பக்கவாட்டுக்கு, இன்னும் நல்லதென்றால் முதுகுப் பக்கத்துக்குப் போய்விடும். கீழிருந்து மேல்நோக்கி வைப்பதுதான் மோசம். அது நேரே வாயைப் பார்க்கிறது. முன்னும் பின்னும் மட்டும் கேட்டு, எட்டு வடிவத்தில் ஒலி வாங்கும் ரிப்பன் மைக்கின் காது கேளாத பக்கத்தை வாய்க்குத் திருப்பினால் கசிவு அற்புதமாகக் குறையும். ஆனால் அதன் பின்பக்கம் அரங்கம் முழுவதையும் கேட்கும், அதனால் மேடைக்கு அதைக் கொண்டுபோவதில்லை.

அடுத்தது மானிட்டர், பாடுபவர் தன்னைத் தானே கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி. திறந்திருக்கும் மைக்குகள் இரு மடங்கானால் ஊளையிடாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது. அதனால் என் மானிட்டரில் குரல் மட்டும்தான். கிட்டார் மடியிலேயே இருக்கிறது, அதை எனக்கே ஒலிபெருக்கியில் கேட்பிக்க வேண்டியதில்லை. எஸ்.எம்.58-க்கு முதுகுப் பக்கம் காது மந்தம், நேர் பின்னால் மானிட்டர் இருக்கலாம். பீட்டா 58ஏ போன்ற, முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக் என்றால் சற்றுப் பக்கவாட்டில், பின்பக்க மூலையில் வைக்க வேண்டும். அதற்கு முதுகிலும் கொஞ்சம் காது உண்டு. இதைச் சொன்னால் சில மைக் செட்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும்.

சென்னைக்கென்று சில சில்லறைத் தொல்லைகள் உண்டு. தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியின் காற்று கண்டன்சரில் குமுறலாகக் கேட்கும். பஞ்சு உறை கட்டாயம். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் மைக்கில் படபடவென்று சத்தம் வருவதுண்டு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்திருக்கிறேன். கண்டன்சருக்கு வேண்டிய மின்சாரத்தைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் பான்டம் பவர் தராத பழைய மிக்சர்களும் இன்னும் வாடகைக்கு வருகின்றன, எனவே எஸ்.எம்.57 என்ற டைனமிக் மைக் ஒன்று எப்போதும் பையில் கிடக்கும். கண்டன்சரின் மினுமினுப்பு அதில் இல்லை, வேலை நடந்துவிடும்.

பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் திறந்தவெளி மேடையோ, கல்யாண வரவேற்போ என்றால் பிக்கப்தான். டிரம்ஸ் சேர்ந்த குழுவிலும் அப்படியே. கிட்டார் மைக் டிரம்ஸ் மைக்காக மாறிவிடும். நடந்துகொண்டும் ஆடிக்கொண்டும் பாடுகிறவர்களுக்கும் இந்த ஏற்பாடு உதவாது: ஒரு சாண் நகர்ந்தாலே கிட்டாரின் ஒலி மாறிவிடுகிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறேன், அதன் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுகிறேன்.