‘செட்’ என்ற சொல்லில் தடுமாறும் அகராதிச் செயலி

ஆறு மாதமாக நான் பயன்படுத்திவரும் ஆங்கில–தமிழ் அகராதிச் செயலி, அரிய சொற்களுக்குத் தெளிவாகப் பொருள் தந்தாலும், ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ‘செட்’ என்ற சொல்லுக்கு ‘வை, அமை, தொகுதி’ என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, இச்சொல்லுக்கு 430 பொருள்களை ஏறத்தாழ 60,000 சொற்களில் விரித்துரைத்தது. அத்தனையும் வேண்டாம், கதிரவன் மறைவதையும், தயிர் உறைவதையும், சிமென்ட் இறுகுவதையும், முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதையும் அது குறிக்கும் என்றாவது காட்டியிருக்கலாம். ஜெல்லி உறையும்வரை காத்திருக்கச் சொன்ன சமையல் குறிப்பை இந்தச் செயலியை நம்பிப் படித்தபோது, ‘ஜெல்லியை வை’ என்றே பொருள் கிடைத்தது (எங்கே வைப்பதாம்?). உச்சரிப்பு ஒலி நன்று, விளம்பரத் தொல்லையும் இல்லை. பள்ளி மாணவர்க்கு இலவசப் பதிப்பே போதும். மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை.