மலைவேம்பா, மகோகனியா? திருமலைக் கடலுக்கு மரத்தில் லூர் செய்வோருக்கு

திருகோணமலையில் மர லூர் (மீனை ஏமாற்றிப் பிடிக்கிற செயற்கை இரை) செய்யக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த மரம் நல்லது?" என்றுதான். செதுக்க லேசான மரம், வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற மரம், வார்னிஷ் அடித்தால் பளபளக்கிற மரம் என்று ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நான் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஒரு மரத்தை எடுக்கிறபோதே, அந்த உடலுக்குள் எத்தனை கிராம் ஈயத்துக்கு இடம் விடுகிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது. லூரின் நடை அந்த ஈயத்தில்தான் இருக்கிறது.

கணக்காகச் சொன்னால் விளங்கும். 15 சென்ரிமீற்றர் நீளம், நடுவில் 4 சென்ரிமீற்றர் தடிப்பு உள்ள ஒரு பாப்பரை (நீர்மட்டத்தில் சத்தம் எழுப்பி வரும் லூர்) எடுங்கள். வால் பக்கம் ஒடுங்கி வருவதால் அதன் கனவளவு ஏறக்குறைய 120 கன சென்ரிமீற்றர். கடல் நீர் ஒரு கன சென்ரிமீற்றர் 1.025 கிராம் நிறுக்கும். ஆக அந்த லூர் மொத்தம் 123 கிராம் வரை மிதக்கும், அதற்கு மேல் தாழும். இரண்டு பெரிய மும்முனைத் தூண்டில், வளையங்கள், ஊடே போகும் கம்பி எல்லாம் சேர்த்து 40 கிராம் என்று வையுங்கள். மிச்சம் 83 கிராம். மரமும் ஈயமும் பங்குபோட வேண்டியது இந்த 83 கிராமைத்தான்.

மலைவேம்பு காய்ந்த நிலையில் கன சென்ரிமீற்றருக்கு 0.4 கிராம் அளவில் வரும். அந்த உடல் 48 கிராம், ஈயத்துக்கு 35 கிராம் இடம். மகோகனி 0.55 என்றால் 66 கிராம், மிச்சம் 17. தேக்கு 0.65 அளவு, அப்போது 78 கிராம், மிச்சம் வெறும் 5. இதிலும் பத்துப் பதினைந்து கிராமை மிதப்புக்கென்று தொடாமல் விட வேண்டும். விட்டால் மலைவேம்பில் இருபது கிராமுக்கு மேல் ஈயம் வைக்கலாம், மகோகனியில் கொஞ்சம்தான், தேக்கில் ஒன்றுமே இல்லை. மரத்துக்கு மரம் அடர்த்தி மாறும், ஒரே பலகையின் இரண்டு முனைகூட ஒத்துவராது. ஆகவே கையில் இருக்கிற துண்டை நிறுத்துப் பார்த்தே கணக்குப் போடுங்கள்.

அதனால் பாப்பருக்கு நான் மலைவேம்புதான் சொல்வேன். மரக்காலையில் லுணுமிதெல்ல என்று கேளுங்கள், சீலிங் பலகைக்கு எடுக்கிற அதே மரம். நம் கரையோரங்களில் தெப்பம் கட்ட உதவிய மரமும் அதுதான், மிதப்பில் அதை நம்பலாம். பாப்பருக்கு வேண்டியது வால் தாழ்ந்து, வாய் நீர்மட்டத்தோடு நிற்கிற நிலை. ஈயத்தை வயிற்றின் பின்பாதியில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே வைத்தால் அந்த நிலை தானாக வரும். கோலை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் குழிந்த வாய் தண்ணீரை அள்ளி "டம்" என்று அடிக்கும். வீசும்போதும் பாரம் பின்னால் இருப்பதால் வால் முந்திக்கொண்டு நேராகப் போகும். எதிர்க்காற்றில் கல்லில் நின்று வீசுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

ஸ்டிக்பெய்டுக்கு வந்தால் மகோகனி முந்துகிறது. ஸ்டிக்பெய்ட் சத்தம் போடுவதில்லை, காயப்பட்ட மீன் போல இடமும் வலமும் சரிந்து சரிந்து வர வேண்டும். பாரம் ஓரிடத்தில் குவிந்தால் துடிப்பு கூடும், உடல் முழுக்கப் பரவியிருந்தால் வீச்சு அகன்று நிதானமாக வரும். மகோகனியில் பாரம் பெரும்பாலும் மரத்திலேயே இருப்பதால் அப்படிப் பரவி நிற்கிறது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடல் படுத்துத் தெளிந்து கிடக்கிற நாட்களில் பெரும்பாரை மீன் அந்த நிதானமான வீச்சுக்குத்தான் எழும் என்பது என் துணிபு. வாடை தொடங்கித் தண்ணீர் கலங்கினால் பாப்பரின் சத்தம் உதவும். (புறாமலையைச் சுற்றிய கடல் 2003 முதல் தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் லூரும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம்.)

மகோகனிக்கு இன்னொரு பலம், பல் தாங்குவது. மலைவேம்பின் பலவீனமும் அங்கேதான். சீலாவோ அறக்குளாவோ கவ்வும்போது மரம் உள்ளே அமுங்குகிறது, மேலே பூசியிருக்கிற எபோக்சி (இரண்டு கலவைப் பிசின்) அமுங்காது, வெடிக்கிறது. அந்த வெடிப்பால் உப்புத் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, பெயிண்ட் முழுவதும் பாளம் பாளமாக எழும்பிவிடும். மலைவேம்பு நுண்துளை பெருத்த மரம், நீரை இழுக்கிற வேகமும் அதிகம். அதற்குப் பரிகாரம் உண்டு: பெயிண்டுக்கு முன்பு தண்ணீர் போல மெல்லிய எபோக்சியை மரம் குடிக்கிற மட்டும் குடிக்கவிட்டு, காய்ந்தபின் தேய்த்து, திரும்ப ஒரு முறை கொடுப்பது. மேல்தோலுக்கு அடியில் ஒரு கெட்டிப் படை உண்டாகிவிடும். மகோகனிக்கு ஒரு முறை போதும்.

மற்ற மரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால்சா பெயர் பெற்ற, மிக லேசான மரம். பின்லாந்தின் லௌரி ரபாலா 1936 இல் தன் முதல் லூரைத் தக்கையில், செருப்புத் தைக்கிற கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளை ஒட்டி, உருக்கிய புகைப்பட நெகட்டிவைப் பூசித்தான் செய்தார். பிறகு அந்தக் கம்பனி பால்சாவுக்குப் போனது. மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற இடத்திலோ தம்பலகாமக் களப்பிலோ கொடுவா மீனுக்கு ஒரு சாண் நீளமும் இல்லாத மினோ (சின்ன மீன் வடிவ லூர்) செய்ய அது தங்கமான மரம். வெளிக்கடல் பாரைக்கு அது நிற்காது. வேலியில் நிற்கிற முள்முருக்கு கிட்டத்தட்ட அதே ரகம், வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாரித்துவிடும். தேக்கில் இயற்கை எண்ணெய் இருப்பதால் தின்னரால் துடைக்காமல் பசை வைத்தால் பிடிக்காது, மிதப்பும் மேலே பார்த்ததுதான். முதிரை தனிக் கதை. கடல் நீருக்குச் சற்றுத்தான் குறைவான கனம், தூண்டிலை மாட்டினாலே ஈயம் இல்லாமல் தாழும். படுத்த வாக்கில் மெதுவாக இறங்குகிற ஸ்டிக்பெய்ட் வேண்டுமானால் அதற்கு ஈடாக ஒன்றை நான் காணவில்லை. உளியும் அரமும் மழுங்குவதற்குத் தயாராக இருங்கள்.

செதுக்குவதற்குக் கடைசல் மெஷின் தேவையா என்றால், பாப்பருக்கு இருந்தால் நல்லது. ஸ்டிக்பெய்டுக்குக் கைதான், பக்கங்கள் கொஞ்சம் தட்டையாக இருந்தால்தான் அந்தச் சரிவு வரும். மெஷின் இல்லாதவர் 4 சென்ரிமீற்றர் சதுரக் கட்டையின் நாலு முகத்திலும், ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் 12 மில்லிமீற்றர் உள்ளே கோடு போட்டு, அந்தக் கோடு வரை மூலைகளைச் சீவி எடுத்தால் சரியான எண்கோணம் கிடைக்கும். எண்கோணத்திலிருந்து உருட்டுவது பிறகு சாண்ட் பேப்பர் வேலை. மூலையைக் கண்மதிப்பில் சீவத் தொடங்குகிறவர்களுக்குத்தான் லூர் ஒரு பக்கம் சாய்ந்து நீந்தும்.

அடுத்த போட்டி, திருகு வளையமா ஊடு கம்பியா என்பது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. மரத்தில் திருகி இறுக்குகிற கண்ணி சின்ன மினோவுக்குப் போதும், அதுவும் எபோக்சி தோய்த்து இறக்கினால். பெரும்பாரை கல்லுக்குள் இறங்கி இழுக்கிறபோது இழுவை முழுவதும் அந்தத் திருகின் புரியில் நிற்கிறது, மரம் மென்மையானால் கண்ணி மரத்தூளோடு பிடுங்கிக்கொண்டு வரும். மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பி போனால் மரமே பிளந்தாலும் மீன் தூண்டிலில் இருக்கும். செலவு என்று பார்த்தால் ஒரு துண்டுக் கம்பியும் அரை மணி நேரமும் கூடுதல், அவ்வளவுதான்.

நீளத்துக்குத் துளை போடுவது கடினம். 15 சென்ரிமீற்றர் உள்ளே போவதற்குள் துளைமுனை நார் இழுக்கிற பக்கம் ஓடிவிடும், நார் பின்னிய மகோகனியில் இன்னும் மோசம். வயிற்றுப் பக்கமாக வாளால் நடு வரை ஒரு வெட்டு வெட்டுங்கள். நடுத் தூண்டில் வரவேண்டிய இடத்தில் வயிற்றிலிருந்து மேல்நோக்கி ஒரு துளை. அந்தத் துளைக்குள் ஒரு சுழலியை (இரு முனையிலும் சுற்றுகிற வளையம் உள்ள சின்ன இணைப்பு) விட்டு, வெட்டுக்குள் இறக்குகிற கம்பியை அதன் மேல் வளையத்துக்குள்ளால் கோர்த்து எடுங்கள். கீழ் வளையம் வயிற்றுக்கு வெளியே நிற்கும், அதில் தூண்டில். தூண்டில் எந்தப் பக்கம் திருகினாலும் சுழலி சுற்றிக் கொடுக்குமே தவிர மீனுக்கு நெம்பப் பிடி கிடைக்காது. பிறகு ஈயத்துக்கான குழிகளையும் அதே வயிற்றுக் கோட்டில் எடுத்து, எல்லாவற்றையும் எபோக்சியாலும் அதே மரத்தின் மெல்லிய சீவலாலும் மூடிவிடலாம். கம்பி 316 தர ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 மலிவு, ஆனால் 316 இல் சேர்ந்திருக்கிற மொலிப்டினம்தான் உப்பை எதிர்த்து நிற்கிறது. பெரும்பாரைக்கு 1.6 மில்லிமீற்றர், சின்ன லூருக்கு 1.2.

குழியை மூடும் முன்பு தூண்டிலையெல்லாம் மாட்டி, வலைக்குக் கட்டுகிற ஈயத்தைக் குழியில் வைத்து, வாளியில் மிதக்கவிட்டுப் பாருங்கள். வாளியில் கடல் தண்ணீரே இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீரில் சமன் செய்த இந்த அளவு லூர் கடலில் 3 கிராம் கூடுதலாக மிதக்கும், ஸ்டிக்பெய்டின் நிலையை மாற்ற அது போதும்.

கடைசியாக மேல்பூச்சு. தளபாடத்துக்கு அடிக்கிற சீலரும் வார்னிஷும் மலிவு, கடலுக்கு நிற்காது. வாகனத்துக்கு அடிக்கிற இரண்டு கலவைக் கிளியர் மெல்லியதாக, கண்ணாடி போல விழும், வெயிலில் மஞ்சளிக்கவும் மாட்டாது. அழகு மட்டும் பார்த்தால் அதுதான் முதலிடம். ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, புகையாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். பிள்ளைகள் படுக்கிற வீட்டின் பின்விறாந்தையில் அதை விசிற நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். எபோக்சி தடிப்பாக விழும், சில வருட வெயிலில் மஞ்சளிக்கும், ஆனால் தூரிகையால் வீட்டிலேயே பூசலாம், பல்லையும் நன்றாகத் தாங்கும். என் தெரிவு அதுதான்.

அதை நம் வெக்கையில் பூச ஒரு பக்குவம் வேண்டும். வெப்பம் 10 பாகை கூடினால் எபோக்சி இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். போத்தலில் எழுதியிருக்கிற நேரத்தை மதியத்தில் நம்ப முடியாது, விடியலில் பூசுங்கள். கலந்ததைக் கோப்பையில் குவித்து வைக்காமல் ஒரு மாபிள் துண்டில் பரப்பி வையுங்கள், குவிந்தால் தன் சூட்டிலேயே இறுகும். ஐந்து நிமிட எபோக்சி குழி அடைக்க மட்டும். ஐப்பசி முதல் தை வரை, மழை ஈரத்தில், காய்ந்த மேற்பரப்பில் எண்ணெய் போல ஒரு வழுவழுப்புப் படியும். வெந்நீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த படை வைத்தால் உரிந்து வரும். பூசியபின் லூர் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் வடிந்து தடிக்கும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றுகிற மோட்டர் அந்த வேகத்துக்குக் கச்சிதம். அது வீட்டு மின்சாரத்தில் நேரே ஓடுகிற மோட்டர் என்றால், வயர் இணைப்பை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

கடலால் வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, பல் பட்ட இடங்களை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் இடறினால் தூண்டில்களைக் கழற்றி, நிழலில் நிறை குறைவது நிற்கும் வரை காயவிட்டு, அதன் பிறகே எபோக்சியால் அடையுங்கள். ஈரம் இருக்க அடைத்தால், அடுத்த நாள் போட்டில் வெயில் பட்டதும் அந்த இடம் கொப்பளித்துவிடும்.