சப்ளையர் ஸ்டாக்கை மென்பொருளோடு இணைக்க: ஏபிஐயா, எக்செல் கோப்பா?

புதுச்சேரியிலிருந்து முந்திரி, ஊதுபத்தி, சுடுமண் பொருள்கள் என்று ஆன்லைனில் விற்கிறோம். முந்திரி பண்ருட்டியிலிருந்தும் சுடுமண் பொருள்கள் வில்லியனூரிலிருந்தும் வருகின்றன. சொந்த குடோன் ஒன்று இங்கே, இன்னொன்று கடலூரில். கையிருப்பைக் கணக்கு வைக்க எந்த மென்பொருள் வாங்கலாம் என்று எல்லோரும் அலசுகிறார்கள். வாங்கிய மென்பொருளுக்குள் சப்ளையரின் ஸ்டாக் எப்படி வந்து சேரும் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. எங்கள் அனுபவத்தில் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

வழிகள் மூன்று. சப்ளையரே நம் மென்பொருளில் லாகின் செய்து எண்களைப் போடும் போர்ட்டல் முதலாவது. ஏழெட்டுக் கடைகளுக்குச் சரக்கு தரும் ஒருவர் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி லாகின் வைத்துக்கொள்ள மாட்டார். அதனால் அதை விட்டுவிடலாம். மீதி இரண்டு: அவருடைய கணினியும் நம் மென்பொருளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஏபிஐ, தினமும் அவர் அனுப்பும் எக்செல் அல்லது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பு.

ஏபிஐ வேகமானது, கைவேலை இல்லாதது. அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் சப்ளையர் பக்கத்துக்கு நாங்கள் கோப்பைத்தான் தேர்ந்தெடுத்தோம். காரணம் ஒன்றே ஒன்று, பராமரிப்பு.

ஏபிஐ ஒருமுறை எழுதிவிட்டால் என்றைக்கும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். ஆன்லைன் கடை நடத்த உதவும் தளமான ஷாப்பிஃபை 3 மாதத்துக்கு ஒருமுறை ஏபிஐயின் புதிய பதிப்பை விடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் குறைந்தது 12 மாதம் ஆதரவு உண்டு, அப்புறம் மாறியே ஆகவேண்டும். அமேசான் விற்பனையாளர்களுக்கான தன் பழைய எம்டபிள்யூஎஸ் இணைப்பை 2024 மார்ச்சோடு மூடி, எல்லோரையும் எஸ்பி-ஏபிஐ என்ற புதிய இணைப்புக்கு மாற்றியது. இந்த மாதிரி பெரிய தளங்களின் இணைப்பை மென்பொருள் நிறுவனமே பார்த்துக்கொள்ளும், அதற்குத்தான் மாதச் சந்தா கட்டுகிறோம். பண்ருட்டி சப்ளையர் கணக்கு எழுதும் டேலி மென்பொருளுக்கும் நம் மென்பொருளுக்கும் நடுவே தனியாக எழுதிய இணைப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? டேலியிலிருந்து நேரடியாகத் தரவு எடுக்க, அந்தக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதில் டேலி திறந்திருக்க வேண்டும், டேலிக்குள் சரியான கம்பெனியின் கணக்கும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை மாலையில் கணினியை அணைத்துவிட்டுப் போனால் இணைப்பும் அணைந்துவிடும்.

இதில் மோசமானது, நின்றுபோன ஏபிஐ நின்றதாகத் தெரியாது. நேற்றைய எண் இன்றும் திரையில் அப்படியே நிற்கும், கடையும் அதை நம்பி விற்றுக்கொண்டே போகும். கோப்பு வரவில்லை என்றால் மதியத்துக்குள் கடைப் பையனுக்கே தெரிந்துவிடும், ஒரு போன் போதும். புயல் காலத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பகுதியில் பல இடங்களில் மின்சாரம் இல்லை. கணினி ஓடாத நாளிலும் கைபேசியிலிருந்து ஸ்டாக் எண்கள் வாட்ஸ்அப்பில் வந்தன, நாங்கள் அவற்றை எக்செல் தாளில் ஏற்றிக்கொண்டோம்.

கோப்பு வழிக்கும் ஒழுங்கு வேண்டும். எங்கள் தாளில் பொருள் குறியீடு, அளவு, அலகு, பேட்ச், தேதி, அவ்வளவுதான். பார்கோடு பத்தியை எக்செல்லில் டெக்ஸ்ட் என்று மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் 890-இல் தொடங்கும் 13 இலக்க எண் 8.90E+12 என்று சுருங்கும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும். தமிழில் பெயர் இருந்தால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு வகையில் சேமிக்க வேண்டும். காலியான கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல என்று சப்ளையரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலி என்றால் 'தெரியாது', பூஜ்யம் என்றால் 'தீர்ந்துவிட்டது'.

அலகுதான் உண்மையான வேலை. முந்திரி சப்ளையர் டபிள்யூ 320 என்ற தர முந்திரியை 10 கிலோ டின்னாக எண்ணுகிறார், நாங்கள் 250 கிராம் பாக்கெட்டாக விற்கிறோம். ஒரு டின் 40 பாக்கெட் என்பது வெறும் கணக்கில் மட்டும்தான். உடைசல் கழித்தே எடுக்க வேண்டும். அதோடு, சப்ளையரிடம் இருக்கும் சரக்கை நம் கையிருப்போடு கூட்டவே கூடாது. அது அவர் இன்னொருவருக்கும் விற்கக்கூடிய சரக்கு. அதைத் தனிக் கிடங்காகக் காட்டி, அதில் ஒரு பகுதியை மட்டும் விற்பனைக்குத் திறக்கிறோம்.

சொந்த குடோன்களுக்கு இதே முடிவு பொருந்தாது. அங்கே நேரடி இணைப்புதான், அதுவும் அதே மென்பொருளின் ஸ்கேன் செயலியில். ஆட்கள் நம் ஆட்கள், கோளாறு வந்தால் நாமே போய்ப் பார்க்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. கடலூரும் புதுச்சேரியும் 25 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் ஜிஎஸ்டி மாநிலக் குறியீட்டில் ஒன்று 33 (தமிழ்நாடு), மற்றது 34 (புதுச்சேரி). பான் எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு பதிவுகளும் சட்டப்படி தனி நபர்கள். ஒரு குடோனிலிருந்து மற்றதற்குச் சரக்கு போனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி வரியோடு இன்வாய்ஸ் போட வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கு ஏற்றிச்செல்வதற்கான மின்னணு ஆவணமான இ-வே பில்லும் வேண்டும். ஒவ்வொரு குடோனுக்கும் தனி ஜிஎஸ்டி எண் வைக்க மென்பொருள் இடம் தருகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஆயிரக்கணக்கில் சைஸும் நிறமும் உள்ள துணிக் கடைக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எங்களுடையது சில நூறு பொருள்கள்தான். வெளியார் நடத்தும் பெரிய கிடங்குகளோடும் எனக்குப் பழக்கம் குறைவு. ஒரு சப்ளையரின் ஸ்டாக் ஒரே நாளில் பலமுறை மாறி, அதைக் கவனிக்க அவரிடம் தனி ஆளும் இருந்தால் ஏபிஐ கேளுங்கள். கேட்கும்போதே, நின்றுபோனால் யாருக்குப் போன் செய்வது, கடைசி எண் எப்போது வந்தது என்று திரையில் காட்டுமா, இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.